கண்ணுக்குப் போய் மூக்கைக் காட்டியது

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் வலது கண் ஓயாமல் நீர் வடிக்கிறது என்று சொல்லியிருந்தேனே, லென்ஸை மாட்டிக் கடிகாரத்தைத் திறந்தால் ஒரே நிமிஷத்தில் பல்சக்கரமெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். கடையை மூட வேண்டியதுதான் என்று மனசு விட்டுப்போய், போன மாதம் ஆபரேஷன் செய்துகொண்டேன். சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்றுதான் சொல்லவில்லை, கோபிக்காதே.

கண்ணுக்கென்று போனால் டாக்டரம்மா மூக்குக்குள் வெளிச்சம் அடிக்கிறார். கண்ணீர் இமையோரத்து ஊசித்துளையில் இறங்கி, ஒரு சின்னப் பையில் சேர்ந்து, அங்கிருந்து குழாய் வழியாக மூக்குக்குள்தான் போகுமாம். எனக்கு அந்தக் குழாய் அடைப்பு. மூக்கு வழியாகவே போய், பையை ஒட்டிய எலும்பைக் கொஞ்சம் எடுத்துப் புது வாசல் வைப்பார்களாம். அறுபது வருஷமாக இதை முகத்தில் சுமக்கிறேன், ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் மூச்சு வருகிறதா என்றார், தாராளமாக என்றேன். குளிர்ந்த தகடு ஒன்றை மூக்கடியில் பிடித்தார், இடப்பக்கம் மட்டும்தான் ஆவி படிந்தது. மூக்கின் நடுத்தண்டு பிறவியிலேயே வலப்பக்கம் வளைந்திருக்கிறதாம். எனக்கெங்கே தெரியும், குட்டித் திருகாணி பறந்துவிடுமே என்று முப்பது வருஷமாக வாயோரமாக மூச்சுவிட்டே பழகியவன். கருவி நுழைய இடமில்லை என்று முதலில் தண்டை நிமிர்த்தி, பிறகுதான் வாசல் வைத்தார். ஸ்கேன் படத்தைக் கேட்டு வாங்கி வந்து விளக்கடியில் பார்த்தபடியே இருக்கிறேன். கல்யாண ஆல்பத்தைக்கூட இப்படிப் பார்த்ததில்லை என்று அம்மா கேலி செய்கிறாள்.

நேற்று கண்ணோரத்துத் துளையில் உப்புத் தண்ணீரை ஏற்றி, தொண்டைக்கு வருகிறதா என்று கேட்டார்கள். விழுங்கிப் பார்த்தேன். கரித்தது! இன்று காலை ஒரு கடிகாரத்தை முழுக்கப் பிரித்துப் பூட்டிவிட்டேன், கண் துடைக்கவே இல்லை.

நேற்று கிளம்பும்போது டாக்டரம்மா, இந்த வளைவு சில குடும்பங்களில் அப்படியே வரும், வீட்டில் யாராவது வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்களா என்றார். எனக்குச் சுரீர் என்றது. நீ தூங்கும்போதெல்லாம் தாடையைத் தட்டி மூடியவன் நான்தானே. நாலு பேர் முன்னால் ஆவென்று நிற்காதே என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன். மூச்சுக்காகத்தானம்மா நீ வாயைத் திறந்திருக்கிறாய். அப்பாவை மன்னித்துவிடு.

ஒரு நாள் லீவு போட்டு மூக்கைக் காட்டிவிடு, தள்ளிப்போடாதே. நூறு வயசு நன்றாக இரு.

உனக்கு இந்த மூக்கைக் கொடுத்த,
அப்பா