பவளப்பாறைக்கு உள்பக்கமாக

நேற்று சாயங்காலம் அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறும்போது நல்ல மழை. ஷட்டரை இறக்கியதும் ஈரமும் டீசல் வாடையும் உள்ளேயே அடைந்துகொண்டன. என்னை அறியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா, என்ன செய்கிறது என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உன் நினைப்பு வந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

மாலத்தீவில் நாம் வேலை பார்த்த தீவைக் கொஞ்ச நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காரியாபட்டிக்காரி நீ, சுகாதார நிலையத்தில் நர்ஸ். தீவைத் தாண்ட வேண்டுமென்றால் தோணிதான். அந்தத் தீவுக்காரர்களும் அதை ஏறக்குறைய அப்படியே, 'தோனி' என்றுதான் சொல்கிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு எவ்வளவு சிரித்தாய்! அரிசி, வெங்காயம், பரீட்சைத் தாள் எல்லாம் தோணியில் வரும். காற்று கிளம்பிவிட்டால் எதுவும் வராது. "நம்ம ஊருல பஸ்ஸு இல்லைன்னா நடந்தாவது போயிரலாம். இங்க எங்கிட்டுப் போக?" என்பாய்.

அப்படி ஒரு காற்று நாளில்தான் எனக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. என் வீட்டுக்காரர் வேலை முடிந்து முன்பே ஊர் திரும்பியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரி வேறு தீவில். பயணிகள் படகை நிறுத்திவிட்டார்கள். இங்கே வைத்துப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, நீயே தோணிக்காரர் ஒருவரைத் தேடிப் போய்க் கூட்டிவந்தாய்.

அந்தத் தீவுகள் ஒரு வளையமாகக் கிடந்தன. கண்மாய்க்குக் கரை போல, வளையத்தைச் சுற்றிப் பவளப்பாறை. வெளியே கடல் பொங்கினாலும் உள்ளே ஓரளவு அடங்கியிருக்கும். வெளிப்பக்கம்தான் குறுக்கு வழி, இந்தக் காற்றில் அதில் போக முடியாது, நாளை விடியட்டும் என்றார் தோணிக்காரர். உள்பக்கமாகச் சுற்றிப் போகலாமே என்று கேட்டாய். நேரம் கூடும், பாறையில் தட்டும் என்றார். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினால் தட்டாதே என்றாய். அவர் என்னைப் பார்த்தார். பிறகு போய் எஞ்சினைக் கிளப்பினார்.

தோணியின் அடியில் டீசலும் கடல் தண்ணீரும் கலந்து கிடந்தன. நீ என் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வந்தாய். "இதக் கடலுன்னு நெனைக்காத. நம்ம கம்மாதான், கொஞ்சம் பெருசு. மூச்ச நல்லா விடு" என்றாய். பாறை விட்டுப்போன ஓர் இடைவெளியைக் கடக்கும்போது வெளியலை உள்ளே புகுந்து தோணியைத் தூக்கிப் போட்டது. உன் பிடி இறுகியது. முகம் மாறவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கரை சேர்ந்தேன். பொழுது சாயும் முன்பே மகள் பிறந்துவிட்டாள். எடைதான் குறைவு, அழுகையில் குறைவில்லை.

இருவரும் ஊர் திரும்பிய பிறகு நீ நோயில் விழுந்தாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் காரியாபட்டிக்கு வருவேன். ஒரே பஸ், மாறி ஏறக்கூட வேண்டாம். ஒருநாள் உனக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு உனக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். "எனக்கு நீச்சலே தெரியாதுடி. தோணி ஆடுறப்பல்லாம் செத்துப் பொழச்சேன். ஒங்கிட்டச் சொன்னா நீயும்ல பயந்துருவ."

சீப்பைக் கீழே வைத்துவிட்டு உன் தோளில் சாய்ந்து அழுதேன். நீதான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாய். அடுத்த மழைக்கு நீ இல்லை.

இப்போது மகள் நீச்சல் படிக்கிறாள். பாலவனத்தத்தில் தன் தோட்டக் கிணற்றில், அவள் மாமாதான் இடுப்பில் கயிறு கட்டி இறக்கிவிடுகிறார். மேலே நிற்கும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியதும் அவள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.