நாலாவது கட்டத்துப் பைத்தியக்காரி

ஒத்தக்கடை
12.7.2005

அன்புப் பேரன் ராஜபாண்டிக்கு,

பெங்களூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாயா? போனில் பேசினால் உங்க அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் கடுதாசி.

உங்கள் ஆபீஸில் செய்கிற கம்ப்யூட்டர் விளையாட்டைச் சோதித்துப் பார்க்க நீ அனுப்பிய சிடியை, பக்கத்து வீட்டு பவதாரிணி போட்டுக் காட்டினாள். நாலாவது கட்டத்தில் ஒரு பைத்தியக்காரி. தலைவிரி கோலம், கையில் அரிவாள், ஓயாத சிரிப்பு. "இந்தக் கிழவியச் சுட்டாத்தான் கதவு தொறக்கும் அப்பத்தா" என்றாள்.

காதில் குரல் கேட்பது எப்படி இருக்கும் என்று பொங்கலுக்கு வந்தபோது கேட்டாயே, இதற்குத்தானா? உன் தாத்தாவிடம்கூடச் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். அந்தக் குரல் யாரையும் வெட்டச் சொன்னதாகச் சொன்னேனா? குழம்பில் உப்பில்லை, நீ எதற்கும் லாயக்கில்லை என்று நச்சரிக்கும் என்றுதானே சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டேதான் உங்க அப்பனை வளர்த்து ஆளாக்கினேன்.

அவளை மாற்று.

அப்பத்தா ராமக்காள்


பெங்களூர்
30.7.2005

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

கோபப்படாதீங்க. பார்க்கிறவனுக்குப் பயம் வரணும் என்றது எங்க மேனேஜர். சண்டை போட்டு மாற்றிவிட்டேன். இப்போது அரிவாள் கிடையாது. மூலையில் உட்கார்ந்து அழுவாள். விளையாடுகிறவன் ஒரு மாத்திரை கொடுத்தால் குணமாகி, அவனைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கதவைத் திறப்பாள். இப்ப சந்தோசந்தானே?

உங்கள் ராஜபாண்டி


ஒத்தக்கடை
8.8.2005

ராஜபாண்டிக்கு,

ஒரே மாத்திரையில் குணமா? எந்த டாக்டர்டா அது, எனக்கும் விலாசம் அனுப்பு. நான் தினமும் போடுகிறேன். வாய் காய்கிறது, கை நடுங்குகிறது. குரல் அடங்கிக் கிடக்கும். சில நாள் திரும்பி வரும். ஆனாலும் ரேஷன் கடை வரிசையில் என்னை முந்த ஒருத்தி பிறக்கவில்லை. எவனோ வந்து காப்பாற்றட்டும் என்று மூலையில் உட்கார எனக்கு நேரமேது?

அவளுக்கு ஒரு வேலை கொடு. பூ விற்கட்டும். கதவுச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு விளையாடுகிறவனிடம் பேரம் பேசட்டும். நடுவில் குரல் நச்சரித்தால், "சும்மா கெட" என்று அதட்டிவிட்டுப் பூவைக் கட்டட்டும். அதுவரை அவன் காத்திருக்கட்டும்.

அப்பத்தா


பெங்களூர்
25.8.2005

அப்பத்தா,

ஆபீஸில் இதைப் பேசிப் பேசி எல்லாருக்கும் அலுத்துவிட்டது. யார் மனசும் புண்பட வேண்டாம் என்று அவளை எடுத்தே விட்டோம். அந்த இடத்தில் ஒரு நாய் வருகிறது. இனிப் பிரச்சினை இல்லை.

ராஜபாண்டி


ஒத்தக்கடை
1.9.2005

ராஜபாண்டிக்கு,

உங்க அப்பன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார். பெற்றவள் ஒரு படத்திலும் இருக்கமாட்டேன். மணவறையில் ஏதாவது பேசிவிடுவேன் என்று வண்டியூரில் என் தங்கச்சி வீட்டில் உட்காரவைத்துவிட்டார்கள். பிரச்சினை இல்லாமல் முடிந்தது என்று அவர்களும்தான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். தனியாகத்தான் வாரேன். மாத்திரை எடுத்துவைத்துவிட்டேன். திங்கட்கிழமை உன்னோடு ஆபீஸுக்கு வருவேன். அந்த மேனேஜரிடம் என்னை யாரென்று சொல்லப்போகிறாய் என்பதை மட்டும் இப்போதே யோசித்து வை.

ராமக்காள்