காயம்: இல்லை

என் செல்ல அக்காவுக்கு,

கம்பெனியில் எல்லோரும் நர்ஸான என்னை "சிஸ்டர்" என்று கூப்பிடும்போது, அசெம்பிளி லைனிலிருந்து நீ மட்டும் கிண்டலடிப்பாய்: "ஊருக்கெல்லாம் நீ சிஸ்டரு, எனக்குத்தான்டி தங்கச்சி." அதைக் கேட்டு எட்டு மாதமாகிறது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என்மேலும்தான்.

சூளகிரி தாண்டி கம்பெனி பஸ் கவிழ்ந்த காலையில், கை முறிந்தவர்களையும் மண்டை உடைந்தவர்களையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களை என் முதலுதவி அறைக்குக் கொண்டுவந்தார்கள். வரிசையில் நீ கடைசி. பக்கத்து சீட்டுப் பெண் உன் மடியிலேயே உயிரை விட்டிருந்தாள். உன் சுடிதாரில் இருந்த ரத்தம் உன்னுடையது இல்லை. "எனக்கு ஒண்ணுமில்லடி, அவங்களப் பாரு" என்றாய். கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு பாராசிட்டமாலும் டீயும் கொடுத்தேன். பதிவேட்டில் 'காயம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாளே நீ வேலைக்கு வந்துவிட்டாய்.

அப்புறம் உனக்கு நாள் தள்ளிப்போனது. உன் மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. பேரிகை சந்தையிலிருந்து ஒரு கூடை மாங்காய் வாங்கி வந்து, "தின்னும்மா, வாய்க்கு நல்லாருக்கும்" என்றார். ஆஸ்பத்திரியில் கர்ப்பம் இல்லை என்று சொன்னதும் அவர் பேசிய பேச்சை இங்கே எழுத மனம் வரவில்லை. மூன்று மாதம் அப்படியே போனது. தூக்கம் இல்லையாம். பஸ் ஹாரன் கேட்டாலே உனக்கு வியர்த்துக் கொட்டியதாம். இனி பஸ் ஏற மாட்டேன் என்று ஸ்கூட்டி எடுத்தாய். தூங்காத கண்ணோடு வேலைக்குக் கிளம்பி, ரோட்டோரம் நின்றிருந்த லாரியில் போய் மோதினாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நீ போன பிறகுதான் ஓசூரில் ஒரு மனநல டாக்டரிடம் போய்க் கேட்டேன். பெரிய அதிர்ச்சியில் சிலருக்கு ஹார்மோன்கள் நிலைகுலைந்து, தூக்கம், மாதவிலக்கு எல்லாமே தாறுமாறாகிவிடும் என்றார். "முதல் சில மணி நேரத்துக்குள்ள மருந்து குடுத்து அதத் தடுக்க முடியுமான்னு ஆராய்ச்சி நடக்குதும்மா. இன்னும் உறுதியாச் சொல்ல முடியல, எல்லாருக்கும் குடுக்கவும் முடியாது. ஆனா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருந்தா நான் பாத்திருப்பேன்."

பார்த்திருப்பாராம். அதை வைத்துக்கொண்டு இப்போது நான் என்ன செய்ய? மருந்து பலித்திருக்குமா, யாருக்குத் தெரியும்? வீட்டில் உன் முகம் கொஞ்சம் வாடினாலே கண்டுபிடிக்கிறவள், அன்றைக்கு மட்டும் உனக்கும் சிஸ்டராக இருந்து தொலைத்தேன்.

போன வாரம் வேப்பனப்பள்ளிப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். கூட வேலை செய்தவளின் விரல்கள் மெஷினில் நசுங்கியதைக் கண்ணெதிரே பார்த்தவள். அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. சூப்பர்வைசர் வாசலிலேயே நின்று, "காயம் இல்லன்னு எழுதி அனுப்புங்க சிஸ்டர், லைன் நிக்குது" என்றார். "எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்றாள் அவளும். கை நடுங்கியது.

'உண்டு' என்று எழுதினேன்.

"எங்க?" என்று கேட்டார். "டாக்டர் சொல்லுவாரு" என்று அவளைக் கூட்டிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறிவிட்டேன். அதே ஓசூர் டாக்டர்தான், மாத்திரை எதுவும் எழுதவில்லை. நெடுநேரம் பேசினார், மறுநாளும் வரச் சொன்னார். அவள் போய்க்கொண்டிருக்கிறாள்.

கீறல்கூட இல்லாதவளுக்கு ஆம்புலன்ஸ் எதற்கு என்று கம்பெனி என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. வேலை போனாலும் போகட்டும். நடுங்குகிற கையைப் பிடித்துப் பார்க்காமல் இனி எந்தக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுத மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அவர்களுக்கு விளக்கத்தை நாளைக்கு எழுதுகிறேன். முதலில் உனக்குத்தானே எழுத வேண்டும்.

சிஸ்டர் இல்லை,
உன் தங்கச்சி