மேனேஜர் அறையில் ஒரு கட்டில்

பிறை ஊரில் என் வீட்டுக்குக் கீழே புதிதாக ஒரு டோபிக் கடை திறந்திருக்கிறார்கள். இன்று காலை அதைக் கடக்கும்போது, சூடாக இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பின் வாசம் வந்தது. நின்றுவிட்டேன். நீ இறந்துபோன பிறகு உன்னை நினைத்து அழுதிருக்கிறேன். இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

தஞ்சோங் பூங்கா கடலோரத்தில் நாம் வேலை பார்த்த ஹோட்டல். எனக்கு வரவேற்பு மேசை, உனக்கு அறைகளின் பொறுப்பு. பள்ளி விடுமுறையிலும் பாதி அறைகள் காலி. கீழ்த்தள அறைகளை, குழாய் ஒழுகுகிறது என்று பூட்டியே வைத்திருந்தோம். இப்படியே போனால் முதலாளி மூடிவிடுவார் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அப்போதும் விரிப்பில் ஒரு சுருக்கம் தெரிந்தால் உதறி மறுபடி விரிப்பாய். யாருக்காக இவ்வளவு என்று நான் கேலி செய்வேன்.

லிஃப்ட் நின்றுபோன நாளில்தான் ஈப்போவிலிருந்து ஒரு பெண், சக்கர நாற்காலியில் தன் அம்மாவை அழைத்து வந்தாள். மூன்றாம் மாடியில் கடல் தெரியும் அறையைக் கேட்டுப் பதிவு செய்திருந்தாள். படுத்தபடியே கடலைப் பார்க்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. நான் மன்னிப்புக் கேட்டு, வேறு ஹோட்டலுக்குப் போன் செய்யத் தொடங்கினேன். அந்த அம்மா மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நீ என் காதருகே குனிந்தாய். "கீழ இருக்கிற மேனேஜர் ரூம்ல இருந்து கடல் நல்லாவே தெரியும் லா."

மேனேஜர் பேங்க் வேலையாக ஜார்ஜ்டவுன் போயிருந்தார். நம் வேலை போய்விடும் என்றேன்.

"ஹோட்டலே போகப் போவுது. அப்புறம் வேல எங்கடி இருக்கும்?" என்றபடி அவர் மேசையின் ஒரு முனையைத் தூக்கினாய். மறுமுனை எனக்கு. சமையல்காரர் கட்டிலைக் கொண்டுவந்தார். நீ ஒரு சுருக்கமில்லாமல் விரிப்பை விரித்து முடித்தாய்.

மேனேஜர் திரும்பிவந்து கதவைத் திறந்தபோது, அந்த அம்மா தலையணையில் சாய்ந்து அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜரை வேலையாள் என்று நினைத்து, "தம்பி, ஒரு தே தாரிக் கெடைக்குமா?" என்றார்.

மேனேஜர் அந்த அம்மாவைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார்.

"டீயில சீனி கொறைச்சுப் போடவா, அம்மா?" என்றார்.

சமையலறைக்கு ஓடிப்போய் நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

அவர்கள் கிளம்பும்வரை மேனேஜர் வரவேற்பு மேசையில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார். வருகிறவர்களின் பெட்டிகளைத் தூக்கினார். அதுவரை நம் வழியாகக் கேட்ட விருந்தினர் குறைகளை நேராகக் கேட்டதும், உடனே பிளம்பரை வரவழைத்தார். கீழ்த்தள அறைகள் திறந்தன. அடுத்த விடுமுறைக்கு அந்தப் பெண், அம்மாவோடு சொந்தக்காரர் எல்லாரையும் கூட்டி வந்து அவற்றை நிறைத்தாள். ஹோட்டல் இன்றும் நடக்கிறது.

நான் இப்போது செபராங் ஜெயாவில் மாடியிலுள்ள ஒரு கிளினிக் கவுண்டரில் இருக்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர் மாடிப்படி ஏற முடியாமல் கீழேயே நின்றார். நான் யாரிடமும் கேட்கவில்லை. டாக்டரின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே போட்டு அவரை உட்கார வைத்தேன். டாக்டர் பின்னாலேயே இறங்கி வந்தார், ஸ்டெதஸ்கோப்போடு, சிரித்துக்கொண்டே. உன் துணிச்சலில் கொஞ்சம் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது, பார்த்தாயா?