ஆறு கறுப்புப் பட்டன்கள்

அன்புள்ள வாலுக்கு,

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் மானத்தை மடித்து அலமாரியில் வைத்துக் காத்துவரும் உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் சுகமில்லை என்கிறது, அங்கே நீயும் உன் பசியும் உன் வாயும் குறைவின்றி இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அந்த வித்தை நடக்காது. உன் அம்மாவுக்குப் பல்வலி போய்விட்டது, கூடவே பல்லும் போய்விட்டது. மாடி வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் ஊதுகுழல் பழகத் தொடங்கியிருக்கிறார், மூன்று தெருத் தள்ளி இருக்கிற நாய்கள்கூட வேறு பேட்டைக்கு வீடு பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி. உன் அப்பா வழக்கம்போல் காலையில் சட்டைக்குப் பெட்டி போட்டு உடுத்திக்கொண்டு, எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருக்கிறார். ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆனது அவருக்குத் தெரியும், அவருடைய சட்டைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

நீ திருப்பி அனுப்பிய கோட்டு செவ்வாய்க்கிழமை வந்தது. கண்ணாடிக் கட்டடத்தில் ஏசிக்கு நடுவே உனக்கு ஒரு நாற்காலி வேலை, அதற்கு இருபதாம் தேதி இன்டர்வியூ, அதற்கு அப்பா ஆசைப்பட்டு வாங்கித் தந்த கோட்டு. துணி அவருடையது, தைத்தது எங்கள் ஹோட்டல் டைலர், அளவு மட்டும் இந்த மாமேதையுடையது. ஒரு ஆள் வாசலில் நிழலாடினால் போதும், தோள் எத்தனை இடுப்பு எத்தனை என்று இன்ச் டேப்பைத் தொடாமல் சொல்லிவிடுவேன், இருபத்தெட்டு வருஷத்தில் கால் அங்குலம்கூடப் பிசகியதில்லை என்று உலகத்துக்கே தெரியும், தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். நீ லிஃப்ட் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்ததும் அனுப்பினாயே ஒரு போட்டோ, மேலும் கீழும் ஒன்றாய்த் தைத்த அந்த நீல ஓவராலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய், அதைப் பார்த்துத்தான் அளவு சொன்னேன். உன் பாக்கெட்டுகளில் இரண்டு ஸ்பேனர், ஒரு டார்ச், ஒரு டெஸ்டர், ஒரு பொட்டலம் பிஸ்கட் இருந்தது இந்த மேதைக்குத் தெரியவில்லை. அத்தனையும் இடுப்பு என்று எடுத்துக்கொண்டேன். போதாததற்கு, நம் வீட்டுப் பெண் சாதாரணமாகப் போகலாமா என்று முன்பக்கம் இரண்டு வரிசையாக ஆறு பட்டன் வைக்கச் சொன்னதும் நானே. கோட்டுக்குள் நீ வைத்திருந்த சீட்டை உன் அம்மா சத்தமாகப் படித்தாள். "சித்தப்பா, இதுக்குள்ள என்கூட இன்னொருத்தியும் தாராளமா வரலாம், ரெண்டு பேருக்கும் சேத்து இன்டர்வியூ வைக்கச் சொல்லுங்க." அண்ணி சிரித்த சிரிப்பில் ஊதுகுழல் நின்றுவிட்டது. அப்பா சிரிக்கவில்லை.

சீட்டின் பின்பக்கத்தில் எனக்கு மட்டும் எழுதியிருந்ததையும் படித்தேன். பதினெட்டாம் தேதிக்குள் லிஃப்ட் கம்பெனியில் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், போடாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு, ஆனால் அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நான் எங்கேயும் கையெழுத்துப் போடப் போவதில்லை என்று. அது அவரிடம் கேட்டு வாங்குகிற வார்த்தையா? முப்பத்து நாலு வருஷம் ஒரே ஆபீஸில் வெள்ளைச் சட்டையோடு போய் வெள்ளைச் சட்டையோடு திரும்பிய மனிதர். அழுக்குப் படாமல் சாப்பிடுவதே படிப்பின் பயன் என்று நினைப்பவர். எங்கள் அப்பா, அதாவது உன் தாத்தா, கரி மூட்டை இறக்கிவிட்டு வருவார், கதவைத் தொட்டால் கதவில் கை பதியும், அந்தக் கையைத் துடைத்துத் துடைத்தே வளர்ந்த மூத்த பிள்ளை இவர். கடைக்குட்டியான நான் அந்தக் கையில் பொம்மை வரைந்து விளையாடியவன். எங்கள் இருவருக்கும் அழுக்கு என்றால் ஒரே பொருள் இல்லை, அவ்வளவுதான். யார்மீதும் குற்றமில்லை.

வேலையைத் தேர்ந்தெடுப்பது பற்றி என்னிடம் யோசனை கேட்டிருந்தாய், பாவம், உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் இந்த ஹோட்டலுக்கு வந்ததே ஒரு கோட்டுக்காக. வாசலில் நிற்கும் காவல்காரருக்குச் சிவப்புக் கோட்டு, தோளில் தங்கக் கயிறு, பித்தளைப் பட்டன், அதைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் கதவைத் திறந்துவிட்டால் சூரியனே உள்ளே வந்து ரூம் கேட்கும் என்று நினைத்தேன். போட்டுப் பார்த்தேன். கோட்டு கணுக்காலுக்கு வந்தது, தொப்பி மூக்கில் நின்றது. மேனேஜர் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "கோட்டு நல்லா இருக்குப்பா, உள்ளே ஆள் இருக்கானா?" என்றார். அந்தக் கோட்டை மடித்து வைக்க யூனிஃபார்ம் ரூமுக்கு அனுப்பினார்கள், மடித்து வைத்தேன், அங்கேயே தங்கிவிட்டேன். ஜன்னல் இல்லாத அந்த அறையில் நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்று இன்றுவரை ஒருவரும் பார்த்ததில்லை. ஒருமுறை பாத்திரம் கழுவ வந்த புது ஆளுக்குத் தவறுதலாக மேற்பார்வையாளர் கோட்டைக் கொடுத்துவிட்டேன், மத்தியானம்வரை மொத்த ஹோட்டலும் அவர் சொன்னபடி ஆடியது, பாத்திரங்களை மேற்பார்வையாளர் கழுவினார், இரண்டு வேலையும் வழக்கத்தைவிட நன்றாகவே நடந்தன. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்காதே, எனக்கும் தெரியவில்லை. சாயங்காலம் எல்லோரும் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பிறகு கூடையில் கிடக்கும்போது எல்லாக் கோட்டும் ஒரே வாசனைதான் அடிக்கிறது, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்து கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த பெரியவர் நன்றிகூடச் சொல்லாமல் நேரே கழிவறைக்கு ஓடினார், அந்த ஓட்டத்தைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம் என்று. அதை நான் டைலரிடம், சமையல்காரரிடம், துணி வெளுப்பவரிடம் எல்லாம் படித்துக் காட்டினேன். உன் அப்பாவிடம் காட்டவில்லை. பயம்தான்.

புதன்கிழமை காலை அவரே என் வீட்டுக்கு வந்தார், கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு. பிரித்துச் சின்னதாக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்தார். தலைகீழாகப் பிரித்தாலும் இருபதாம் தேதிக்குள் ஆகாது அண்ணே என்றேன். "எந்த போட்டோவைப் பாத்துடா அளவு சொன்ன? கொண்டா அதை" என்றார். உனக்குத் தெரியும், அந்த ஓவரால் போட்டோ வந்த நாளிலிருந்து அவர் அதைக் கண்ணால் தொட்டதில்லை. போனைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், இரண்டு விரலால் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார், உன் முகம் ஒரு பக்கம் போயிற்று, ஸ்பேனர் ஒரு பக்கம் போயிற்று, கடைசியில் திரை முழுக்க ஒரே ஒரு பட்டன், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. உன் ஓவராலின் மூன்றாவது பட்டன். ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இருபத்தெட்டு வருஷ நிபுணன் அதைப் பார்க்கவே இல்லை. அவர் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "மெஷின் ஓடுற இடத்துல கை விடுறவ, இப்படியாடா பட்டனைத் தொங்கவிட்டுட்டு நிப்பா? துணி எங்கயாவது மாட்டி இழுத்துச்சுன்னா?" என்று என்னைத் திட்டினார், ஏதோ நான்தான் உன்னை லிஃப்டுக்குள் தள்ளிவிட்டதுபோல. ஓவராலையே கழற்றி எறியச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். கத்தரிக்கோல் கேட்டார்.

கோட்டின் ஆறு பட்டனையும் அவரே, துணியில் ஒரு கீறல் விழாமல், ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். உன் ஓவராலின் முன்பக்கத்துக்கு ஐந்து, ஒன்று உபரி என்றார். ஒரு பட்டன் தொங்கினால் மற்ற நாலும் அதே நூல்தான், அதனால் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். நீலத் துணிக்குக் கறுப்புப் பட்டன் எடுப்பாக இருக்காதே அண்ணே என்று என் தொழில் தர்மத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். "கலரா முக்கியம்? கெட்டியா நிக்கணும்டா" என்றார். இந்த வாக்கியத்தைச் சொன்னது உன் அப்பா என்று கோர்ட்டில் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனாலும் சொன்னார். பட்டன் பெரிதாக இருந்து காஜாவுக்குள் போகவில்லை என்றால் ஒரு நூல் அளவு கிழித்து ஓரம் தைத்துக்கொள்ள வேண்டுமாம். இருபதாம் தேதி பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. போகும்போது பட்டன் இல்லாத கோட்டை என் ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனார். அது அங்கேயே தொங்குகிறது, பார்க்க என்னைப்போலவே இருக்கிறது.

நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை, சொன்னதாக நான் கதையும் கட்டப்போவதில்லை. உள்ளே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், ஆறு பட்டனும் அதில் இருக்கின்றன. மேலே "இரட்டை நூல். முடிச்சு உள்பக்கம்." என்று எழுதியிருக்கும், அந்த எழுத்து என்னுடையதல்ல, ஆபீஸ் எழுத்து. படித்துவிட்டு நீயே முடிவுசெய்.

நீ ஏறி இறங்குகிற லிஃப்ட் எல்லாம் சொன்னபடி நிற்கவும், நேரத்துக்குச் சாப்பிடவும், நல்ல தூக்கம் வரவும் பெரிய மனது பண்ணி ஆசீர்வதிக்கிறேன், உன் அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. பிஸ்கட்டை ஸ்பேனரோடு ஒரே பாக்கெட்டில் வைக்காதே. பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை என்பதை மறக்காதே, புதன்கிழமைக்குள் பட்டனைத் தைத்துவிடு.

இப்படிக்கு,
அளவு தப்பிய மாமேதை,
உன் சித்தப்பா