ஒரே மூச்சில் எண்ணுவது

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நீங்களும் பாப்பாவும் சுகமா? உங்கள் இருமல் விட்டதா? கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதீர்கள். நான் சொல்லச் சொல்ல, என்னோடு சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்கா எழுதுகிறாள்.

போன வாரம் வயிற்றுப்போக்கு வந்து நின்றது. அப்புறம் பாதம் மரத்தது. நின்றே வேலை பார்ப்பதால்தான் என்று விட்டுவிட்டேன். நேற்று படியேறும்போது முழங்கால் மடங்கி விழுந்தேன். "இப்ப கையும் தூக்க வரலியேடி, கிளம்பு ஆஸ்பத்திரிக்கு" என்று அக்காதான் இழுத்து வந்தாள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறதாம். மருந்து ஏற்றுகிறார்கள், மெல்ல மெல்லச் சரியாகுமாம்.

இங்கே ஒரு வேடிக்கை. நர்ஸ் அடிக்கடி வந்து, "ஒரே மூச்சுல எண்ணும்மா" என்கிறாள். காலையில் முப்பது வரை போனேன். இப்போது பதினொன்றைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடத்திலும் கணக்கில் நான் இப்படித்தான்.

மூச்சுக்கு மெஷின் வைக்கப் போகிறார்கள். கொஞ்ச நாள் பேச முடியாது, ஆனால் காது கேட்குமாம். பாப்பாவைப் பேச வைத்து அக்காவின் போனுக்கு அனுப்புங்கள். நீளமாக அனுப்புங்கள். நீங்களும் பேசுங்கள், திட்டினாலும் சரி.

எழுத்து கலங்கியிருந்தால் அக்கா அழுததால்தான். நான் அழவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி