உங்க அண்ணனுக்கு வழி

என்னங்க,

நான் டூட்டிக்குக் கிளம்பிட்டேன். தன் மச்சினன் கல்யாணத்துக்காக நாளைக்கு வர்ற உங்க அண்ணன் நம்ம வீட்டுலதான் தங்கணும்னு நேத்து அந்தக் கத்து கத்தினீங்க. சரி, தங்கட்டும். வழியை மட்டும் இப்பவே போன் போட்டுச் சொல்லிடுங்க.

பெரிய ஸ்டேஷன் வேண்டாம், அதுக்கு முந்தின ஸ்டேஷன்ல இறங்கட்டும். முன்வாசல் டாக்சிக்காரங்க வெளியூர்னு தெரிஞ்சா தலையில மிளகாய் அரைச்சிடுவாங்க. பின்வாசல்ல நின்னா ஆஸ்பத்திரி பஸ் வரும். கடைசி ஸ்டாப்ல இறங்கி, மருந்துக்கடையை ஒட்டின சந்துக்குள்ள வந்தா நம்ம வீடு. கல்யாண மண்டபத்துக்கும் அதே பஸ்தான். மழை பெய்யுது, குடை எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

பாத்தீங்களா, சின்னப் பிள்ளைகூட வந்து சேர்ந்துடும். நம்ம பொண்ணு செத்த அன்னிக்கு, "அந்த ஊர்ல எனக்கு வழி தெரியாதுப்பா"ன்னு சொல்லிட்டு வராமலே இருந்துட்டாரே, அதனாலதான் இவ்வளவு விளக்கமா எழுதறேன்.

சோறு குக்கர்ல இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

இன்னொண்ணு. அவ ரூம் பூட்டைத் திறந்து வச்சிருக்கேன். உங்க அண்ணன் அவ கட்டில்லயே படுக்கட்டும். அவருக்குத் தூக்கம் வருதான்னு நானும் பாக்கறேன்.